எக்ஸ்ரே அக்காவின் ரேடியோப் பை

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... விடலாம்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லி, அந்தக் குரல் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷன் கோபமாக ஏதாவது ஆரம்பித்தால், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாள். அவர் சிரித்துவிடுவார். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துபோகும்.

அவர் தையல்காரர். கீழே கடை, மேலே வீடு. உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகிய மனிதர் என்பதால் பேச்சு சுருக்கமாகவும் கொஞ்சம் கோணலாகவும்தான் வெளியே வரும்.

அவளுக்கு ரேடியோ ஆசை வந்தது ஒரு புயலால். ஒரு வருஷம் அடித்த காற்றில் செல்போன் கோபுரம் சாய்ந்து, கேபிள் அறுந்து, ஊரே ஊமையாகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஊரில் அவள் தங்கை குடும்பத்தோடு இருந்தாள். ஆற்றை ஒட்டிய வீடு. அந்த ஊரில் வெள்ளம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எக்ஸ்ரே அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ ஒரு நோயாளிக்கு வலது கைக்குப் பதில் இடது கையைப் படம் எடுத்துவிட்டாள். அந்த ஆள் நல்லவர். "இதையும் பார்த்து வெச்சுக்கறது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நிவாரண லாரியில் ஒருவர் வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். தங்கை இருந்த அதே ஊரில் ஆணி, பூட்டு, கீல் விற்கிற கடை வைத்திருப்பவர். பக்கத்து மரத்தில் ஒரு வயரைத் தூக்கிக் கட்டி, கையடக்கமான ஒரு பெட்டியில் பேசிக்கொண்டிருந்தார். தங்கையின் விலாசத்தைச் சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். மத்தியானம் ஆணிக்கடைக்காரர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களாம். ஆனா ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. அவங்க குடையை நீங்கதான் எடுத்துட்டு வந்தீங்களான்னு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராந்தாவில் நின்று சிரித்தாள், கூடவே அழுதாள். குடையை எடுத்து வந்தது அவள்தான்.

பெட்டியைக் காட்டிக் கேட்டாள். "இதை யார் வேணா வெச்சுக்கலாமா?"

"பரீட்சை எழுதணும். லைசென்ஸ் வாங்கணும். அப்புறம் வெச்சுக்கலாம். எங்க சங்கம் ஞாயிற்றுக்கிழமையில என் கடை மாடியில கூடும், வாங்க."

போனாள். நோயாளி வராத நேரத்திலெல்லாம் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து படித்தாள். கண்ணுக்குத் தெரியாத அலையை வைத்துப் பிழைப்பவளுக்கு இன்னொரு அலையைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பரீட்சையில் தேறினாள். ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணுமாக, ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்ல அவளுக்கென்று ஒரு கால்சைன் வந்தது. யாரோ பயன்படுத்தியதுதான் என்றாலும் குறையில்லாத ஒரு ரேடியோவும் வந்து சேர்ந்தது. ரேடியோ வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள், "இது வீட்டுல அலங்காரத்துக்கு இல்லை. அவசரம்னா தூக்கிட்டு ஓடற மாதிரி, எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்."

அப்படி அவள் சேர்த்த முதல் மூட்டையைப் பார்க்கச் சகிக்காது. பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, அதில் ரேடியோ, கடைக்கு வாங்கிப் போட்டிருந்த ஈய பேட்டரி, சுருட்டிய கேபிள், ஆன்டெனா வயர், இடுக்கி, டேப், பென்சில் எல்லாவற்றையும் போட்டு மூடினாள். பேட்டரி மட்டுமே அம்மிக்கல் கனம் கனத்தது. தையல்காரர் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதைத் தூக்கிட்டுப் போய் நீ யாரைக் காப்பாத்துவே? உன்னைக் காப்பாத்தவே தனியா ஒருத்தர் வரணும்."

"கேலி பண்ணாதீங்க. ஓவர்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ பண்றது ரொம்ப ஓவர்."

ரேடியோவில் ஒருவர் பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். அவள் பழகுவதற்காக வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது இந்தக் கதிக்கு ஆளானது.

மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டிப் பழகிய நாட்களில் இன்னொரு கூத்து. வயரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்து, நடுவில் ஒரு கம்பால் தூக்கி நிறுத்தி, காலையில் பேசிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து ரேடியோவைத் திருகினால் ஒரே இரைச்சல். மாடிக்கு ஓடிப் பார்த்தால், வயர் முழுக்க ஈரப் போர்வைகள். கம்பு படுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முகமெல்லாம் மலர, "உன் புண்ணியத்துல நல்ல நீளமான கொடி கிடைச்சுதும்மா!" என்றார்.

"அதுல நான் பேசறப்ப தொட்டா கையைச் சுட்டுரும்மா."

"அப்ப பேசறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடு. போர்வையை எடுத்துக்கறேன்."

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். ஒத்திகை நாளைத்தான் அவளால் அப்படிக் கடக்க முடியவில்லை.

சங்கத்தார் ஒரு விளையாட்டு மைதானத்தில் ஒத்திகை வைத்தார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை என்று வைத்துக்கொண்டு, அவரவர் மூட்டையைப் பிரித்து, ஆன்டெனா கட்டி, கொடுத்த சேதியை அனுப்ப வேண்டும். எக்ஸ்ரே அக்கா தகரப் பெட்டியைத் திறந்தாள். கேபிளும் வயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சிக்கெடுப்பதற்குள் பக்கத்திலிருந்தவர்கள் பேசவே ஆரம்பித்துவிட்டார்கள். பதற்றத்தில் பேட்டரியில் சிவப்பு வயரைக் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டாள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். ஃப்யூஸ் போனது. மாற்று ஃப்யூஸ் வாங்கித்தான் வைத்திருந்தாள். அது புருஷனின் கடையில், பட்டன் டப்பாவில் பத்திரமாக இருந்தது.

மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அன்று முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஆணிக்கடைக்காரர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இன்னைக்குப் போச்சு, விடுங்க. வேண்டிய நாள்ல போகலை பாருங்க. எனக்கு முதல் ஒத்திகையில ரேடியோவே வீட்டுல இருந்துச்சு. பெட்டியைத் திறந்தா உள்ள என் பொண்டாட்டியோட தையல் சாமான்."

அவள் சிரிக்க முயன்றாள். பஸ்ஸில் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தே தையல்காரர் புரிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ரேடியோவைக் கொஞ்சம் கீழ கொண்டு வா. அளவு எடுக்கணும்."

வெட்டு மேஜை மேல் ரேடியோவை நிறுத்தி, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, சட்டைக்கு அளவெடுப்பது போலவே அளந்தார். "கழுத்து இல்லை. இடுப்பும் இல்லை. நம்ம கஸ்டமர்ல பாதிப் பேர் இப்படித்தான்." திருப்பிப் பார்த்தார். "சூடாகுமா?"

"பின்பக்கம் சூடாகும்."

"அப்ப முதுகுல ஜன்னல் வெக்கணும். ஜன்னல் வெச்ச ஜாக்கெட் மாதிரி." சாக்பீஸால் கித்தான் துணியில் கோடு போட்டார். பிறகு குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். முக்கியமான விஷயம் என்றால்தான் எடுப்பார். "போன உடனே முதல்ல எது வெளிய வரணும்?"

அதை அவள் யோசித்ததே இல்லை. எல்லாம் இருக்கிறதா என்றுதான் இத்தனை நாளும் பார்த்திருந்தாள். இரண்டு பேரும் கடைத் தரையில் உட்கார்ந்தார்கள். முதலில் ஆன்டெனா. அதைத் தூக்கிக் கட்டக் கயிறு. பிறகு கேபிள். அதற்கப்புறம் ரேடியோ. பேட்டரி கடைசியில். அவள் சொல்லச் சொல்ல அவர் கையால் காற்றில் பிரித்துப் பார்த்தார். மேலிருந்து கீழாக அந்த வரிசையிலேயே பைக்குள் பை, பைக்குள் பையாக வைத்தார். ஆன்டெனா வயர் சிக்காமல் இருக்கத் நூல் தீர்ந்துபோன கண்டுக் கட்டை ஒன்றில் சுற்றச் சொன்னார். மாற்று ஃப்யூஸுக்கு மூடியின் உள்பக்கத்திலேயே குட்டிக் குட்டியாக அறைகள். ஈரத்தில் பேனா எழுதாது என்று அவள் பென்சில் கேட்டாள், அதற்கொரு குழாய். மேல் துணிக்கு மழைக்கோட்டுத் துணி. தோளில் மாட்ட இரண்டு பட்டை.

"இந்தச் சிவப்பு, கறுப்பு விஷயம் என்ன?" என்று கேட்டார்.

"மாத்திக் குடுத்துட்டேங்க. அவ்வளவுதான்."

"ஆம்பளைச் சட்டைக்குப் பட்டன் ஒரு பக்கம், பொம்பளைச் சட்டைக்கு இன்னொரு பக்கம். மாத்திப் போட்டாக் கையே தடுமாறும். உன் வயருக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாதா? தப்பாப் போட்டா உள்ளயே போகாத மாதிரி?"

இருந்தது. ஒரே பக்கமாக மட்டும் சேரும் பிளக் ஒன்று உண்டு. சங்கத்தில் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருந்தார்கள். அவள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டு அன்றைக்கே மாற்றினாள். கனமான பேட்டரிக்குப் பதிலாகக் கையில் தூக்குகிற மாதிரி எடை குறைந்த ஒன்றை ஆணிக்கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். பை தயாரானதும் அவள் தோளில் மாட்டிக் கடைக்குள்ளேயே நடந்து பார்த்தாள்.

"பொருந்துதா?" என்றார் அவர், எல்லாக் கஸ்டமரிடமும் கேட்கிற மாதிரி.

"தோள்ல கொஞ்சம் இறுக்கம்."

"போடப் போடச் சரியாயிடும்." இதுவும் எல்லோரிடமும் சொல்வதுதான்.

பைக்கு வேலை வைத்த மழை அதற்கு அடுத்த வருஷம் வந்தது. விடாமல் கொட்டி, ஒரு காலைப்பொழுதில் மலைச்சரிவு பிடுங்கிக்கொண்டு ரோட்டில் வந்து விழுந்தது. கேபிளும் அதோடு போனது. கொஞ்ச நேரத்தில் போன்களும் செத்தன. எக்ஸ்ரே அக்கா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் அடிபட்டவர்களைக் கட்டிலிலும் கதவுப் பலகையிலும் வைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். பை வீட்டில் இருந்தது. எப்படிப் போய் எடுப்பது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதே, வாசலில் முழங்கால் தண்ணீரில் தையல்காரர் நடந்து வருவதைப் பார்த்தாள். பை தலை மேல். அதற்கு மேல் அவருடைய மழைக்கோட்டு. அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"நீங்க போட்டுக்க வேண்டியதை இதுக்குப் போட்டிருக்கீங்களே! பைதான் நனையாதே!"

"தச்சவனுக்குத்தான் தெரியும், தையல் எங்க ஒழுகும்னு. நான் நனைஞ்சா துவட்டிக்கலாம். இது நனைஞ்சா நீ என்னைத் துவைச்சுடுவே. எங்க கட்டணும், சொல்லு."

இடி மின்னல் இருக்கிறதா என்று முதலில் வானத்தைப் பார்த்தாள். வெறும் மழைதான். தண்ணீர்த் தொட்டிக்கும் எதிரிலிருந்த மரத்துக்கும் நடுவில் வயரைக் கட்டலாம் என்றாள். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி, தையல்காரர் மரக்கிளைக்கு எறிந்தார். முதல் எறி ஆம்புலன்ஸ் கூரை மேல் விழுந்தது. அடுத்தது ஏறிக்கொண்டது. எக்ஸ்ரே அறைச் சுவரெல்லாம் ஈயத் தகடு, கேபிள் நுழைய வழி கிடையாது. அதனால் பதிவு கவுன்டரின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

உயரம் குறைவாகக் கட்டிய வயர் அலையை நேரே வானத்துக்கு எறியும். அது அங்கிருந்து மடங்கி மலைக்கு அந்தப் பக்கம் வந்து விழும். புத்தகத்தில் படித்தது. கால்சைனைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆணிக்கடைக்காரரின் குரல் வந்தது.

"அக்கா! சொல்லுங்க, நல்லாக் கேக்குது. ஓவர்."

பக்கத்தில் நின்றிருந்த பெரிய டாக்டர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது ஆக்சிஜன் சிலிண்டர். இருப்பது சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. "மலைப்பாதை மூடிக்கிச்சுன்னு சொல்லுங்க. பழைய பாலத்து வழியா வரச் சொல்லுங்க. லாரி வேண்டாம், பாலம் தாங்காது. டிராக்டர்." அவர் சொன்னதைப் பென்சிலால் எழுதி, எழுதியதை வாசித்து, அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னதைச் சரிபார்த்தாள். குரல் நடுங்கவில்லை. இத்தனை வருஷமாக வலியில் படுத்திருப்பவர்களிடம் பேசிய குரல் அது.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. அம்மாவுக்குச் சொல்லுங்க, அண்ணனுக்குச் சொல்லுங்க, நான் உயிரோட இருக்கேன்னு சொல்லுங்க, மாட்டை அவிழ்த்து விடச் சொல்லுங்க. தையல்காரர் வெளியே நின்று வரிசை கட்டினார். "சுருக்கமாச் சொல்லணும். மாமியார் மேல இருக்கிற குறையெல்லாம் இதுல போகாது" என்று அதட்டினார்.

சக்கரக் கட்டிலில் ஒரு சலூன்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கடைக்குள் தண்ணீர் வந்தபோது சுழல் நாற்காலியைத் தூக்கி வைக்கப் போய் வழுக்கி விழுந்தவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டதை எக்ஸ்ரே அக்காவே காலையில் படத்தில் பார்த்திருந்தாள்.

"என் பொண்டாட்டி அந்தப் பக்கம் மக வீட்டுல இருக்கா. நெஞ்சுவலின்னு படுத்திருக்கா. கால்ல சின்ன அடி, கவலைப்படாதேன்னு சொல்லுங்க."

"சின்ன அடியா?"

"அவளுக்குச் சின்ன அடிதான்மா." அவர் கண்ணைச் சிமிட்டினார். "அப்புறம், மாத்திரையை ஒழுங்காப் போட்டுக்கச் சொல்லுங்க. நான் பக்கத்துல இல்லேன்னாத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சுடுவா."

சொன்னபடியே எழுதி, எழுதியபடியே அனுப்பினாள்.

சிலிண்டர்கள் மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தன. டிராக்டர் சத்தம் கேட்டதும் டாக்டர் செருப்பில்லாமலே வாசலுக்கு ஓடினார். பதில் சேதிகளும் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் அவள் வாசிக்க வாசிக்க ஜன்னலுக்கு வெளியே சிரிப்பும் மூக்குறிஞ்சலுமாக இருந்தது. அப்போது ஆணிக்கடைக்காரரின் குரல் மாறியது.

"அக்கா, கூட ஆளுங்க இருக்காங்களா? ஓவர்."

ஹெட்போனைச் செருகிக் காதில் வைத்துக்கொண்டாள். இனி அவர் பேசுவது அவளுக்கு மட்டும்தான் கேட்கும். "சொல்லுங்க" என்றாள்.

சலூன்காரரின் மனைவி அன்று காலையிலேயே போய்விட்டாள். சேதி அந்த வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா வரும்வரை காத்திருக்கிறோம், அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாங்கிய சேதியை எழுதியபடி வாசிக்க வேண்டும் என்பது சங்கத்தில் சொல்லிக்கொடுத்த விதி. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். ஹெட்போனைப் புருஷனின் காதில் மாட்டி, "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். யாராவது அவசரம்னு கூப்பிட்டா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவர் அவள் முழங்கையை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டார்.

சலூன்காரரை வார்டின் ஓரத்துக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததுமே அவர் தலையைத் தூக்கினார்.

"திட்டினாளா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். வெளியே மழை சுருதி குறையாமல் பெய்தது. பிறகு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நான் சொன்னது அவ காதுல விழுந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த மனிதர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. அதுக்கு முன்னாடியே..."

அவர் தலையாட்டினார். "சரி. சின்ன அடின்னு நான் புளுகினது அவளுக்குத் தெரியாமப் போச்சு. கல்யாணமான நாள்லேருந்து என் பொய் ஒண்ணுகூட அவகிட்ட எடுபட்டதில்லை." அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. அவள் கையை எடுக்காமல் அங்கேயே இருந்தாள்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தாள். டாக்டரிடம் பேசினாள். அவர் காலுக்குப் பலகை வைத்து அசையாமல் கட்டிக் கொடுத்தார். சிலிண்டர் கொண்டுவந்த டிராக்டர் திரும்பும்போது மெத்தை போட்டுச் சலூன்காரரை ஏற்றினார்கள். மழைக்கோட்டைத் தையல்காரர் அவருக்குப் போர்த்தி, காற்றில் பறக்காமல் இருக்கக் கோணி ஊசியால் நாலு தையல் போட்டார். பாலத்துக்கு அந்தக் கரையில் மருமகன் வண்டியோடு நிற்க வேண்டும் என்று எக்ஸ்ரே அக்கா சேதி அனுப்பினாள். அவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற பதில் வருகிற வரைக்கும் நாற்காலியைவிட்டு எழவில்லை.

ரோட்டைச் சரிசெய்ய வெகுநாள் ஆனது. சங்கத்தில் அந்தப் பையைப் பார்த்த இரண்டு மூன்று பேர் தங்களுக்கும் அதேபோல வேண்டும் என்று அளவு கொடுத்தார்கள். தையல்காரர் அதற்குள் தன் வேலையில் தானே குறை கண்டுபிடித்து, அடிப்பக்கம் ஒழுகிய தையலை இரட்டைத் தையலாக மாற்றியிருந்தார்.

எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் சலூன்காரர் ஊன்றுகோலோடு வந்தார். மகள் அங்கேயே இருந்துவிடச் சொல்கிறாளாம். கடையை யார் பார்ப்பது என்று இவர் கேட்டாராம். அதற்கு அவள் இரண்டு நாளாகப் பேசவில்லையாம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து எக்ஸ்ரே அக்கா காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் அக்கறையாகப் பார்த்தார்.

வராந்தாவில் தையல்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தலை இது? யார் வெட்டினது?"

"யாரும் வெட்டலை. அதான் இப்படி இருக்கு. உங்க கடைதான் பூட்டியிருக்கே."

சலூன்காரர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பும் கத்தரியும் வெளியே வந்தன. கீழ்ப்படியில் உட்காரச் சொல்லி, யாரோ விட்டுப்போன பேப்பரைத் தையல்காரரின் கழுத்தைச் சுற்றிச் செருகினார். தலையை நிமிர்த்தி, சாய்த்து, இடது காதுக்கு மேல் வெட்ட ஆரம்பித்தார். எக்ஸ்ரே அக்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அடுத்த நோயாளி கூப்பிடுகிற வரைக்கும்.